வரைபடத்தை வாசிப்பது எப்படி? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் மாலை வேளையில் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சார்புகளின் வரைபடம் என்று பாடம் வந்ததும் ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள் வருகின்றன. பெற்றோரும் கேட்கிறார்கள். வகுப்பில் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நம் மாவட்டத்தில் கண்ணில் படுகிறவை. கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புள்ளி வைத்து, கோடு இழுத்து, அளவுத்திட்டம் எழுதினால் 8 மதிப்பெண் கிடைக்கிறது. அதற்கு மேல் வாசிக்க என்ன இருக்கிறது?

பத்தாம் வகுப்பு கணக்குத் தாளின் கடைசிப் பகுதியில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண் உண்டு. அந்த எட்டை வாங்கிய பிள்ளையிடம் அதே தாளைக் காட்டி, "எக்ஸ் 2-லிருந்து 5-க்குப் போகும்போது ஒய்க்கு என்ன ஆகுது மக்கா?" என்று கேட்டால் பலமுறை பதில் வருவதில்லை. அட்டவணையிலிருந்து வரைபடத்துக்குப் போகத் தெரிகிறது. வரைபடத்திலிருந்து திரும்பி வரத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவனுக்குத் தான் எழுதியதையே வாசிக்க வராவிட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும்.

வாசிப்பது என்றால் கோட்டைப் பார்த்து, இடமிருந்து வலமாக, நம் பேச்சில் கதை சொல்வது. "முதலில் வேகமாக ஏறுது, பிறகு ஏற்றம் குறையுது, இந்த இடத்தில் நிக்குது, இங்கிருந்து இறங்குது." இதைச் சொல்ல முடிந்த பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில் வகையிடல், அதாவது மாறும் வீதத்தைக் கண்டுபிடிக்கும் பாடம், வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். என் வகுப்பில் வரைந்து முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நான்கு வாக்கியம் பேச வேண்டும். பேசாத வரைபடத்தை நான் திருத்துவதில்லை.

ஒரு வரைபடம் கையில் வந்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

கோட்டைப் பார்க்காதீர்கள். இரண்டு அச்சுகளையும் பாருங்கள். எந்த அச்சில் என்ன எழுதியிருக்கிறது, அலகு என்ன, ஒரு கட்டத்துக்கு எவ்வளவு, எண்கள் 0-லிருந்து தொடங்குகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கோடு.

நம் ஊர்ப் பத்திரிகைகளில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம் அன்றாடம் வருகிறது. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இரண்டு அணைகளுக்கும் தனித்தனியே வரைபடம் போட்டு இரண்டிலும் கோடு தாளின் மேல் விளிம்பைத் தொட்டால், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரம் என்று ஆகாது. ஒன்றின் மேல் விளிம்பு 48, மற்றதன் மேல் விளிம்பு 77. அச்சைப் பார்க்காதவர் இங்கேயே வழுக்கி விழுவார்.

சார்பு என்றால் என்ன? செங்குத்துக் கோட்டுச் சோதனை எதற்காக?

ஒரு உள்ளீட்டுக்கு ஒரே ஒரு வெளியீடு. அவ்வளவுதான். இன்று காலை 8 மணிக்கு பேச்சிப்பாறை நீர்மட்டம் என்ன என்று கேட்டால் ஒரே பதில்தான் உண்டு. ஒரே நேரத்தில் 40 அடியும் 43 அடியுமாக அணை இருக்க முடியாது. ஆகவே நேரத்தைப் பொறுத்து நீர்மட்டம் ஒரு சார்பு.

திருப்பிக் கேளுங்கள். "நீர்மட்டம் 40 அடியாக இருந்தது எந்த நாள்?" இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஏறும்போது ஒரு நாள் 40 அடி இருந்திருக்கும், பாசனத்துக்குத் திறந்து இறங்கும்போது வேறொரு நாள், துலாமழையில் (வடகிழக்குப் பருவமழையில்) மறுபடியும் ஒரு நாள். ஒரு கேள்விக்கு மூன்று பதில். ஆகவே நீர்மட்டத்தைப் பொறுத்து நாள் என்பது சார்பு அல்ல.

இதைத்தான் செங்குத்துக் கோட்டுச் சோதனை கண்ணால் காட்டுகிறது. ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். எந்த இடத்திலும் வரைபடம் ஸ்கேலை ஒரு தடவைக்கு மேல் தொடக்கூடாது. வட்டம் இரண்டு முறை தொடும், அதனால் அது சார்பின் வரைபடம் அல்ல. ஸ்கேலைப் படுக்கவைத்து நகர்த்தினால் அது வேறு சோதனை: சார்பு ஒன்றுக்கு ஒன்றானதா, அதாவது ஒரு வெளியீடு ஒரே ஒரு உள்ளீட்டிலிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பது. அணையின் கோட்டில் படுத்த ஸ்கேல் மூன்று இடத்தில் பட்டது அல்லவா? அது சார்புதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்றான சார்பு அல்ல.

எஃப்(3) என்ன என்று கேட்பதும், எஃப்(எக்ஸ்) = 3 என்று கேட்பதும் ஒன்றா?

இல்லை. பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் இது. எஃப்(3) என்றால் எக்ஸ் அச்சில் 3-ல் நின்று, நேராக மேலேயோ கீழேயோ போய்க் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து ஒய் அச்சுக்குப் போக வேண்டும். ஒரே பதில் வரும். எஃப்(எக்ஸ்) = 3 என்றால் ஒய் அச்சில் 3-ல் நின்று, பக்கவாட்டில் போய்க் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து எக்ஸ் அச்சுக்கு இறங்க வேண்டும். பதில் ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மதிப்பகம், வீச்சகம் இரண்டும் குழம்புகின்றன. வரைபடத்தில் எப்படிப் பார்ப்பது?

வரைபடத்தின் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எக்ஸ் அச்சில் விழும் நிழல் மதிப்பகம். பக்கத்திலிருந்து அடித்தால் ஒய் அச்சில் விழும் நிழல் வீச்சகம். இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல வரைபடம் இருக்கிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. நம் ஆட்கள் காத்தாடி என்பார்கள். ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு வரைபடம் உண்டு: கிடையாகக் காற்றின் வேகம், நிமிர்ந்து அது தரும் மின்திறன். கணக்குக்காக 1500 கிலோவாட் எந்திரம் ஒன்றை வைத்துக்கொள்வோம். காற்று விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தை எட்டும் வரை மின்சாரம் இல்லை. கோடு எக்ஸ் அச்சின் மேலேயே படுத்துக் கிடக்கிறது. 4-ஐத் தாண்டியதும் ஏறத் தொடங்குகிறது. ஏற்றமும் சீரானதல்ல, போகப்போகச் செங்குத்தாகிறது. காற்றில் உள்ள திறன் வேகத்தின் முப்படியாகப் பெருகும் என்பதே காரணம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் திறன் எட்டு மடங்கு. 14 மீட்டரை நெருங்கும்போது எந்திரம் தன் முழு அளவை எட்டுகிறது. அதற்கு மேல் காற்று எவ்வளவு வீசினாலும் 1500-ஐத் தாண்ட விடாமல் கட்டுப்படுத்துகிறார்கள். கோடு மேசைபோல் சமமாகிவிடும். 25 மீட்டரில் எந்திரத்துக்குச் சேதம் வராதபடி நிறுத்திவிடுகிறார்கள். கோடு அங்கே அறுந்து 0-க்கு விழுகிறது.

இப்போது கேள்விகளைப் போடுங்கள். மதிப்பகம்? 0-லிருந்து அங்கே வீசக்கூடிய எந்தக் காற்று வேகமும். வீச்சகம்? 0 முதல் 1500 வரை. சார்பு எங்கே ஏறுகிறது? 4-க்கும் 14-க்கும் நடுவே. எங்கே மாறிலி? 4 வரை, 14 முதல் 25 வரை, 25-க்கு அப்பால். 1500 கிலோவாட் கிடைப்பது எந்த வேகத்தில்? ஒரு வேகத்தில் அல்ல, 14-லிருந்து 25 வரை எல்லா வேகத்திலும். 25-ல் ஒரு புள்ளி நிரம்பியும் ஒன்று திறந்தும் இருக்கும். நிரம்பிய புள்ளி எங்கே இருக்கிறதோ அதுதான் அந்த இடத்தின் மதிப்பு.

முப்பந்தல் வழியாகத் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவேன்: நல்ல காற்றிலும் ஒரு காத்தாடி நின்றால், அது இந்தக் கோட்டில் எந்த இடத்தில் நிற்கலாம் என்று யோசித்துக்கொண்டே போங்கள். பழுதாகவும் இருக்கலாம், அதையும் மறக்க வேண்டாம்.

கோடு மேலே போனால் வேகம் அதிகம் என்று அர்த்தமா?

அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கன்னியாகுமரிப் படகுத் துறையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் துறையிலிருந்து படகு இருக்கும் தூரம். படகு போகும்போது கோடு ஏறுகிறது. பாறையில் ஆள் இறங்கி ஏறும்போது கோடு படுத்துவிடுகிறது. திரும்பி வரும்போது கோடு இறங்குகிறது. "சார், படகு பின்பக்கமா ஓடுதா?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. இல்லை, தூரம் குறைகிறது, அவ்வளவுதான். வேகத்தைச் சொல்வது கோட்டின் உயரமல்ல, சாய்வு. உச்சியில் படுத்திருக்கும் பகுதியில் தூரம் மிக அதிகம், வேகம் சுழி.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்கிறது. வரைபடத்தை இடத்தின் படமாகப் பார்ப்பது. கீரிப்பாறை ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கும் பையனின் வேக-நேர வரைபடத்தை வரையச் சொன்னால், பாதிப் பேர் மலையையே வரைந்து வைப்பார்கள்: ஏற்றத்தில் கோடு ஏறும், இறக்கத்தில் இறங்கும். நடப்பது நேர்மாறு. ஏற்றத்தில் வேகம் குறைகிறது, கோடு இறங்க வேண்டும். இறக்கத்தில் சைக்கிள் பறக்கிறது, கோடு ஏற வேண்டும். கண் மலையைத் தேடும். அச்சில் எழுதியிருக்கும் "வேகம்" என்ற சொல்லை விரலால் தொட்டுக்கொண்டே வரையச் சொல்வேன். அதற்கப்புறம் இந்தப் பிழை குறைகிறது.

அளவு கூடிக்கொண்டே போகிறது, ஆனால் "குறைகிறது" என்று கோடு சொல்கிறது. இது எப்படி?

ரப்பர் மரத்தடிக்கு வாருங்கள். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் அப்பாவையும் அம்மாவையும் பார்த்து வளர்ந்தவர்கள். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அதனால்தான் அந்த நேரம். பட்டையில் கத்தி பட்டதும் பால் விறுவிறுவென்று ஓடிவரும். கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாகும். பிறகு வெட்டுவாயில் பால் உறைந்து நின்றுவிடும்.

இந்த ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று வரைபடம் வரையலாம்.

முதலாவது, நேரத்தைப் பொறுத்துச் சிரட்டையில் சேர்ந்திருக்கும் பால். இது ஒருபோதும் இறங்காது, விழுந்த பால் திரும்ப மரத்துக்குப் போகாதே. முதலில் செங்குத்தாக ஏறி, மெல்ல வளைந்து, கடைசியில் சமமாகிறது.

இரண்டாவது, நேரத்தைப் பொறுத்துப் பால் ஓடும் வீதம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மில்லி. இது உயரத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வந்து 0-ஐத் தொடுகிறது. இறங்கும் கோட்டைப் பார்த்து "பால் குறையுது" என்று எழுதினால் தவறு. சிரட்டையில் பால் கூடுகிறது. கூடும் வீதம் குறைகிறது. முதல் கோட்டின் சாய்வுதான் இரண்டாவது கோட்டின் உயரம். இரண்டாவது கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் முதல் கோட்டின் உயரம். வேகத்தை உயரமாக வரைந்து, அதன் கீழ்ப் பரப்பில் தூரத்தைப் பார்க்கும் இந்த யோசனை 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஓரெம் எழுதி வைத்தது. ஆயத்தொலை வடிவியல் டெக்கார்ட்டின் நூலில் வந்த 1637-க்கும் இருநூறு ஆண்டுக்கு மேல் முந்தியது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: சிரட்டையில் பாலின் மட்டம் எவ்வளவு உயரம்? இதற்கு மரம் வேண்டாம், வீட்டிலேயே தண்ணீரை வைத்துச் செய்யலாம். சிரட்டையை ஒரு துணி வளையத்தின் மேல் ஆடாமல் வையுங்கள். மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடியால் தண்ணீரை அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஆழத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். 5 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளம் என்று வைத்துக் கணக்கிட்டால் 50 மில்லிக்கு மட்டம் சுமார் 1.9 செ.மீ., 100 மில்லிக்கு 2.8, 150-க்கு 3.5, 200-க்கு 4.2. முதல் 50 மில்லி மட்டத்தை 1.9 ஏற்றியது, அடுத்த 50 மில்லி 0.9 மட்டுமே ஏற்றியது. அடிப்பக்கம் ஒடுக்கம், மேலே போகப்போக அகலம். அகலமான இடத்தில் அதே தண்ணீர் பரந்து நிற்கிறது. கோடு வளைவதற்குக் காரணம் சிரட்டையின் உடம்புதான்.

அடுத்து டம்ளரில் செய்யுங்கள்: பக்கம் நேராக இருந்தால் நேர்கோடு வரும். பிறகு குடம்: அடி ஒடுக்கம், வயிறு அகலம், கழுத்து ஒடுக்கம். கோடு விரைவாக ஏறி, தளர்ந்து, கழுத்தில் மறுபடி விரைந்து ஏறும். பிறகு நான் மூன்று கோடுகளை மட்டும் காட்டி, பாத்திரத்தை மறைத்து வைத்து, "இது எது?" என்று கேட்பேன். கோட்டைப் பார்த்துக் குடத்தின் கழுத்தைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு வாசிக்க வந்துவிட்டது.

இருபடிச் சமன்பாட்டு வரைபடத்தில் ஒரு நேர்கோட்டையும் வரையச் சொல்கிறார்களே, அது எதற்கு? கழித்தால் விடை வரும் என்று மட்டும் தெரியும்.

மனப்பாடமாகச் செய்யும் இடம் இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்பதை வரையுங்கள். எக்ஸ்-க்கு −1 முதல் 5 வரை கொடுத்தால் ஒய் மதிப்புகள் 8, 3, 0, −1, 0, 3, 8. முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்றே. நடுவில் இருக்கும் −1 தான் முனை, அதன் புள்ளி (2, −1). எக்ஸ் = 2 என்ற கோட்டில் தாளை மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். அட்டவணையில் இந்தச் சமச்சீர் வராவிட்டால் எங்கோ குறி தவறியிருக்கிறது. வரையும் முன்பே பிடித்துவிடலாம்.

வளைவு எக்ஸ் அச்சைத் தொடும் இடங்கள் 1, 3. ஒய் அங்கே 0, அதனால் இவையே எக்ஸ்² − 4எக்ஸ் + 3 = 0 என்பதன் மூலங்கள். அச்சை இரண்டு இடத்தில் வெட்டினால் இரண்டு வெவ்வேறு மூலங்கள், ஒரே இடத்தில் தொட்டு நின்றால் சம மூலங்கள், தொடாமல் மேலேயோ கீழேயோ நின்றுவிட்டால் மெய்யெண் மூலம் இல்லை.

இப்போது இதே வளைவை வைத்து எக்ஸ்² − 5எக்ஸ் + 4 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்கிறார்கள். கழிக்கிறோம்: ஒய் = எக்ஸ் − 1 வருகிறது. அந்தக் கோட்டை வரைந்தால் வளைவை எக்ஸ் = 1-லும் 4-லும் வெட்டுகிறது. விடை 1, 4. சரி, ஏன்?

எக்ஸ்² − 5எக்ஸ் + 4 என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: (எக்ஸ்² − 4எக்ஸ் + 3) − (எக்ஸ் − 1). முதல் பகுதி வளைவின் உயரம். இரண்டாவது பகுதி நேர்கோட்டின் உயரம். இந்தக் கழித்தல் 0 ஆக வேண்டும் என்றால் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே எக்ஸ்-ல் ஒரே உயரம் என்றால் இரண்டும் சந்திக்கும் இடம். வேறு மந்திரம் எதுவும் இல்லை. எக்ஸ் = 4-ல் வளைவு 16 − 16 + 3 = 3, கோடு 4 − 1 = 3. சந்திக்கிறார்கள்.

முன்பு எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தைப் பார்த்ததும் இதே வேலைதான். எக்ஸ் அச்சு என்பது ஒய் = 0 என்ற நேர்கோடு. அங்கேயும் வளைவு ஒரு கோட்டைச் சந்திக்கும் இடத்தைத்தான் தேடினோம்.

வளைவை ஸ்கேல் வைத்துச் சேர்க்கலாமா?

கூடாது. இருபடிச் சமன்பாட்டின் வளைவான பரவளையத்தின் முனை கூராக வராது. கையை மணிக்கட்டிலிருந்து சுழற்றி ஒரே இழுப்பில் வரையப் பழகுங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் கை இயல்பாக வளையும்.

எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. நடுவில் உள்ள மதிப்புகளுக்குப் பொருள் உண்டா என்று பாருங்கள். நீர்மட்டத்துக்கு நண்பகல் 12.17-க்கும் ஒரு மதிப்பு உண்டு, சேர்க்கலாம். எத்தனை பேர் சேர்ந்தால் எத்தனை நாளில் வேலை முடியும் என்ற எதிர் மாறுபாட்டுக் கணக்கில் மூன்றரை ஆள் கிடையாது. தேர்வில் வளைவாகச் சேர்க்கச் சொல்வது போக்கைக் காட்டுவதற்காக. சேர்த்துவிடுங்கள், ஆனால் பொருள் முழு எண்களில் மட்டும்தான் என்று மனதில் வையுங்கள். பஸ் டிக்கெட் வேறு வகை: ஒரு ஸ்டேஜ் முடியும் வரை ஒரே கட்டணம், அடுத்த ஸ்டேஜில் ஒரு துள்ளல். படிக்கட்டுப்போல் இருக்கும், படிகளைச் சாய்கோட்டால் இணைக்கக்கூடாது.

துள்ளல் உள்ள வரைபடம் வீட்டில் எங்கே இருக்கிறது?

மின்கட்டண அட்டையில். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். பிறகு விலை ஏறியிருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. கூட்டிப் பாருங்கள்: 225 + 900 + 600 = ரூ. 1,725.

501 யூனிட் ஆகிவிட்டால்? 501-வது யூனிட்டுக்கு ரூ. 8 மட்டும் சேரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் 500-ஐத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 400 வரை எல்லாமே ரூ. 4.50. எனவே 1,350 + 600 + 8 = ரூ. 1,958. ஒரு யூனிட் கூடியதற்கு ரூ. 233 கூடுகிறது.

வரைபடத்தில் இது இப்படித் தெரியும்: 100 வரை கோடு தரையில் கிடக்கிறது. பிறகு மூன்று நேர்கோட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் செங்குத்து; ஆனால் தொடர்ச்சியாக இணைந்திருக்கின்றன. 500-ல் கோடு அறுந்து மேலே குதிக்கிறது. சாய்வு என்பது அடுத்த யூனிட்டின் விலை. துள்ளல் என்பது ஒரு எல்லையைத் தாண்டியதற்கான விலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பையன் ஒருவன், கணக்கெடுக்க வரும் நாளுக்கு முந்தின வாரம் மீட்டரைப் பார்த்து வீட்டில் சொல்லத் தொடங்கினான். பாடம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அளவுத்திட்டத்தை மாற்றினால் விடை மாறுமா?

விடை மாறாது, தோற்றம் மாறும். கன்னியாகுமரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம். செங்குத்து அச்சை 0 முதல் 24 மணி வரை வைத்தால் ஆண்டு முழுவதும் பகல் நீளம் கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரியும். 11.5 முதல் 12.75 மணி வரை மட்டும் வைத்தால் அதுவே பெரிய அலைபோல் எழுந்து இறங்கும். இரண்டும் உண்மை. எது பொருத்தம் என்பது கேள்வியைப் பொறுத்தது. டிவியிலும் போனிலும் விலைவாசி, வாக்கு சதவீதம் என்று வரும் வரைபடங்களில் அச்சு 0-லிருந்து தொடங்காமல், அதைச் சொல்லாமலும் விட்டிருந்தால் ஏமாறாதீர்கள். நம் பாடத்தில் அச்சின் அடியில் நெளிகோடு போடச் சொல்வது இந்த நேர்மைக்காகத்தான்.

எஃப்(எக்ஸ் − 1) என்றால் வரைபடம் வலப்பக்கம் நகர்கிறது. கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்?

9 மணிப் படகு ஒரு மணி நேரம் தாமதமாகி 10 மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். 10.15-க்கு அது எங்கே இருக்கும்? சரியான நேரத்தில் கிளம்பியிருந்தால் 9.15-க்கு எங்கே இருந்திருக்குமோ அங்கே. அதாவது இப்போதைய நேரத்திலிருந்து 1-ஐக் கழித்துப் பழைய வரைபடத்தைப் பார்க்கிறோம். எல்லாம் ஒரு மணி நேரம் கழித்து நடக்கிறது, கோடு வலப்பக்கம் நகர்கிறது. எஃப்(எக்ஸ்) + 1 இதைவிட எளிது: உயரத்தோடு 1 கூடுகிறது, கோடு அப்படியே மேலே ஏறும்.

போனில் செயலி இருக்கும்போது கையால் ஏன் வரைய வேண்டும்?

ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் இரண்டும் நல்லவை, நானும் வகுப்பில் காட்டுகிறேன். ஒரு எண்ணை இழுத்தால் வளைவு எப்படி நகர்கிறது என்று பார்க்க அவற்றைவிட நல்ல வழி இல்லை. ஆனால் முதலில் கையால் பத்துப் பதினைந்து வரைபடமாவது போட்டிருக்க வேண்டும். புள்ளியை ஒவ்வொன்றாக வைத்த விரலுக்குத்தான், அந்தக் கோடு புள்ளிகளின் கூட்டம் என்று தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் மகளுக்கு எப்படி உதவ முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்குச் சொன்னதையே எழுதுகிறேன். கோதையாறு பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை அணைத் தண்ணீர் விடுகிறார்கள். மே 15 வாக்கில் தொடங்கி, பத்திரிகையில் வரும் பேச்சிப்பாறை நீர்மட்டத்தை மகளை நாள்தோறும் ஒரு வரைபடத்தாளில் புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்: எந்த நாளில் ரொம்ப வேகமா ஏறிச்சு? எந்த நாளில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை? வெளியே மழை கொட்டுது, ஆனாலும் கோடு இறங்குதே, அது ஏன்?

மூன்றாவது கேள்விக்கு அவள் மதகைத் திறந்ததையும், வருகிற தண்ணீரைவிடப் போகிற தண்ணீர் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சொல்வது சரியா என்று பார்க்க உங்களுக்கு இயற்கணிதம் வேண்டாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் வாய்க்காலில் எப்போது தண்ணீர் வந்தது என்று உங்களுக்குத்தான் அவளைவிட நன்றாகத் தெரியும்.